பலாக்காய் மாவும் ஃபைபர் கேபிளும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் விளையும் கிராமம் எங்களுடையது. ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. அங்கிருந்து இழுத்து, பேருந்து நிறுத்தத்தில் இலவச வைஃபை வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிற போனால் பிள்ளைகள் கெட்டது போதாதா என்று பெரியவர்கள் எதிர்க்கிறார்கள். அடுத்த கிராம சபையில் இதுதான் பேச்சு. நான் மகளிர் குழுத் தலைவி. 12 பெண்களின் சார்பில் பேச வேண்டும். எனக்கோ தலை சுற்றுகிறது. என் அம்மாவுக்கு 63 வயது, 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். யூடியூபில் ஒருவர் சொன்னதை நம்பி மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் பலாக்காய் மாவு சாப்பிடுகிறார். எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் இரவு ஒரு மணி வரை போனை விடுவதில்லை. ஆனால் குவைத்தில் இருக்கும் என் கணவர் தினமும் முகம் பார்த்துப் பேசுவதும் அதே போனில்தான். இணையம் எங்கள் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? கிராம சபையில் கையைத் தூக்கலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். கிராம சபைக்கு நாள் இருக்கிறது. மூன்று மாதம் மாத்திரை நிறுத்திய சர்க்கரை நோய்க்கு நாள் கிடையாது.

நாளைக் காலை வெறும் வயிற்றோடு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது சொல்லும். அம்மா மாத்திரையை விட்ட காலமும் அதுவேதான் என்பதால் மாவு செய்த வேலை எவ்வளவு என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும். பழைய அளவு மாத்திரையை நீங்களாக மறுபடி தொடங்கிவிடாதீர்கள். சிறுநீரகம், ரத்த அழுத்தம், பாதம் எல்லாம் பார்த்த பிறகு மருத்துவர் அளவு சொல்லட்டும். இதற்கிடையே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வேகமான மூச்சு, அசாதாரணமான மயக்கம் என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பலாக்காய் மாவை நான் பழிக்கப் போவதில்லை. பண்ருட்டிப் பக்கத்துக்காரரிடம் பலாவைப் பழித்துவிட்டு நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வர முடியாது. பழுக்காத பலாவில் நார்ச்சத்து அதிகம். அரிசிக்கும் கோதுமைக்கும் பதிலாக ஓரளவு சேர்த்தால் சர்க்கரை ஏறுவது குறையலாம். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 40 பேரை வைத்து 12 வாரம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் மாவு சாப்பிட்டவர்கள் யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடுதான் மாவு. யூடியூபில் பேசியவர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். முழுப் பொய்யை உங்கள் அம்மா நம்பியிருக்க மாட்டார். 11 ஆண்டு நோயாளிக்கு அந்த அனுபவம் உண்டு. பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கள் தொழிலுக்குப் பெருமை தராத விஷயம் அது. அந்த மனிதர் உங்கள் அம்மாவிடம் இருபது நிமிடம் பேசியிருப்பார். அவருக்குப் பழகிய தமிழில், அவருக்குத் தெரிந்த மரத்தைக் காட்டி, அவசரமில்லாமல். கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். வெளிநோயாளிகள் வரிசை வாசல் தாண்டி வேப்ப மரத்தடி வரை நிற்கும் நாளில், ஒரு நோயாளிக்கு என்னால் இரண்டு நிமிடம்தான் கொடுக்க முடிந்தது. "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" "சாப்பிடுகிறேன்." "அடுத்த ஆள்." இந்த இரண்டு நிமிடத்துக்கும் அந்த இருபது நிமிடத்துக்கும் இடையே கிடந்த பள்ளத்தில்தான் உங்கள் அம்மா விழுந்திருக்கிறார். ஆகவே அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறையும் உங்களுக்குத் தெரியாமல்தான் செய்வார்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நல்லதா கெட்டதா என்று கேட்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பேன்: கேபிள் வந்து முடிகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு மூலம் செய்தி போகும். செல்பேசியே அபூர்வமாக இருந்த காலம். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு எது முக்கியம்? நாளைக்கு அலை எத்தனை அடி எழும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் படித்தார்கள். கடற்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மனிதர் கணினியைத் தொட்டதே கிடையாது. இணையத்தின் பலன் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. அந்த மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்கிறார். கடல் நீர் உள்ளே வருகிறது என்று இங்கிருந்து தகவல் போகிறது. ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்கிறார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, தினமும் அலைச் செய்தி படித்த அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. 3,600-க்கும் மேற்பட்ட அந்த ஊர் மக்கள் பிழைத்தார்கள்.

நான் இதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அன்றைக்கு உயிரைக் காத்தது எது? சிங்கப்பூர் தொலைபேசியா, மையமா, ஒலிபெருக்கியா? எல்லாம்தான். ஆனால் தினமும் கேட்டு, கேட்டபடியே கடல் இருந்ததைப் பார்த்துப் பழகியதால் அந்தக் குரலை ஊர் நம்பியது. முன்பின் கேட்டிராத குரல் ஒன்று திடீரென்று ஓடு என்றால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பருக்குப் பிறகு டேட்டா விலை சரிந்து, எல்லார் கைக்கும் வாட்ஸ்அப் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம். ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் ஊசி. இடைப்பட்டது ஐந்தே மாதம்! ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று ஒரு குரல் பதிவு எங்கிருந்தோ கிளம்பி ஊர் ஊராகப் பரவியது. எங்கள் குழு போன பள்ளிக்கூடத்தின் வாசலில் முப்பது தாய்மார்கள் நின்றார்கள். ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இதற்கு என்ன பதில் டாக்டர்?" என்றார். நான் பதில் சொன்னேன். தடுப்பாற்றல், ரூபெல்லா, கர்ப்பத்தில் வரும் ஆபத்து என்று ஒரு பிரசங்கமே செய்தேன். யாரும் அசையவில்லை. தலைமை ஆசிரியை தன் மகளை அழைத்து வந்தார். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, "முதல் ஊசி இவளுக்கு" என்றார். அரை மணி நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது. அந்த அம்மையாரின் பேச்சு மொத்தம் மூன்று சொல்.

இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன்: கிராம சபையில் கையைத் தூக்குங்கள். ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்திருப்பது யார்? உங்கள் குழுவின் 12 பெண்களில் ஒருவராவது அங்கே போய் உட்கார்ந்து வெள்ளைப்படுதலைப் பற்றியோ கருத்தடையைப் பற்றியோ மருத்துவரிடம் பேசுவாரா? இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே பயன் யாருக்கு என்பதும் முடிவாகிவிடுகிறது. கேபிளைத் துணை சுகாதார நிலையத்துக்கு இழுக்கச் சொல்லுங்கள்; இன்னொரு இணைப்பு நூலகத்துக்குப் போகட்டும், அங்கே இளைஞர்கள் படிக்கவும் விண்ணப்பம் போடவும் உதவும். துணை சுகாதார நிலையத்தில் ஒரு கணினித் திரை, கதவோ திரைச்சீலையோ உள்ள ஒரு மூலை, மின்சாரம் போனால் ஓடும் இன்வெர்ட்டர், பக்கத்தில் கிராம சுகாதார செவிலியர். இது போதும்.

ஏன் செவிலியர் என்றால், இ-சஞ்சீவனி என்று மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவை இருக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே பேசும்படி திறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். வீட்டிலிருந்து தனியாகப் பேசினால் மருத்துவருக்கு உங்கள் அம்மாவின் முகம் மட்டும் தெரியும். துணை நிலையத்திலிருந்து பேசினால் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வார், பாதத்துப் புண்ணைக் கேமராவுக்குக் காட்டுவார், மருத்துவர் சொன்னதை அம்மாவுக்குப் புரியும்படி இரண்டாம் முறை சொல்வார். அந்த இரண்டாம் முறையில்தான் வைத்தியமே இருக்கிறது. தவிர, தொலைபேசி வழியாக எல்லா மருந்தையும் எழுத மருத்துவருக்கு விதி இடம் தராது. யாரை நேரில் அனுப்ப வேண்டும் என்று பார்த்த உடனே சொல்ல, பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

மகளிர் குழுத் தலைவி என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, அழுத்த மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் உங்களைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்களே. உங்கள் ஊர்த் தன்னார்வலரைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், போன முறை கொடுத்த அட்டை தீர்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவை மூன்றாவது மாதத்தில் இல்லாமல் மூன்றாவது வாரத்திலேயே பிடித்திருக்கலாம்.

யாரும் பேசாத சங்கதி ஒன்று, ஓடிபி. ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு, 14 இலக்க ஆபா எண், ஆதார் வழியாக எடுக்கப் போனால் ஆதாரோடு இணைத்த செல்பேசிக்குத்தான் அந்த ஓடிபி எண் வரும். நம் வீடுகளில் அது யாருடைய செல்பேசி? கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பதிவு மேசைக்கு முன்னால், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் கணவரை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் ஷிப்ட்டில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. இவள் தன் உடம்பைப் பற்றிய கணக்கைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். உங்கள் குழுவில் எத்தனை பேருடைய ஆதாரில் அவரவர் கைபேசி எண் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கணவருடைய எண்ணோ, பழைய எண்ணோ இருந்தால் ஆதார் மையத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வைஃபையைவிட இது முதலில் நடக்க வேண்டும்.

மகனுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் கணக்கு உதைக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். உங்கள் கணவர் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, இரவு எட்டரைக்கு அழைக்கிறார் என்றால் இங்கே மணி பதினொன்று. பேசி முடித்ததும் போன் யார் கையில் போகிறது? அவரிடம் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் ஆறு மணிக்கு அழைக்கட்டும், இங்கே எட்டரை. பேசிய பிறகு போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. பையனுடையதை மட்டும் பிடுங்கினால் அவன் அதைத் தண்டனை என்பான், அவன் சொல்வதும் நியாயம். பணம் கட்டும் விளையாட்டு ஏதாவது போனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆனால் தடை செய்தது எல்லாம் மறைந்துவிடுவதில்லை. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

கணவரோடு முகம் பார்த்துப் பேசும் அந்த நேரத்தை யார் சொல்லியும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இணையம் கெடுக்கிறது என்று பட்டியல் போடும்போது அதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று கேளுங்கள்.

கிராம சபையில் இன்னொன்றும் சொல்லலாம்: எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டாம். முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது பாம்பு கடித்தால் யூடியூபில் தேடக் கூடாது. கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் ஆபத்து. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108. சாதாரண போனே போதும். 104-இல் மருத்துவ ஆலோசனை, 14416-இல் மனநல ஆலோசனை, இரண்டுக்கும் டேட்டா தேவையில்லை. இந்த மூன்று எண்களையும் ரேஷன் கடைச் சுவரில் பெயின்டில் எழுத எவ்வளவு செலவாகும்?

எழுதியே வைக்க வேண்டிய இன்னொன்று மருந்துச் சீட்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 2011-இல் தானே புயல் வந்தபோது நம் மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் செல்பேசிக் கோபுரமும் நின்றுவிடும், கையிலிருக்கும் போனும் அணைந்துவிடும். நிவாரண முகாமில் "அந்த வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டது" என்று சொல்லும் முதியவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மாத்திரை ஐம்பது வகை உண்டு. அம்மாவின் மருந்துப் பெயர், அளவு, கடைசிச் சர்க்கரை அளவு மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் அட்டையோடு வையுங்கள்.

ஒன்று கேட்கலாமா? கடிதத்தில் அம்மா இருக்கிறார், மகன் இருக்கிறார், கணவர் இருக்கிறார், 12 பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலே சொன்ன 14416 உங்களுக்கும்தான். இரவு எந்த நேரமானாலும் தமிழில் பேசுவார்கள்.

நாளை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பலாக்காய் மாவுப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள்; அம்மா அதை விடாமல் சாப்பிட நினைத்தால் மருத்துவர் மாத்திரை அளவை அதற்கேற்பப் பார்க்கட்டும். மாத்திரை டப்பாவையும் அப்படியே கொண்டு போங்கள், எதையும் தூக்கி எறிய வேண்டாம். உடைக்காத அட்டைகளை எண்ணினால் எத்தனை நாள் நிறுத்தினார் என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் என்று அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். என் அனுபவத்தில் எண்ணிப் பார்த்தால் இன்னும் இரண்டு அட்டை கூடுதலாகத்தான் இருக்கும்.